இரண்டாயிரத்து எழுநூற்றுக்குக் காரணம்

என் வீட்டுக்குக் குடிவருகிறவர்களுக்குச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு பாடம் நடத்துவது வழக்கம். கையில் ஃபைலோடு யார் வந்து கேட்டாலும் வாடகை ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் எதிரிலேயே மூன்று தடவை சொல்லிக் காட்டச் சொல்வேன். தடுமாறாமல் சொன்னால்தான் சாவி கைக்கு வரும்.

எல்லாம் வீட்டு வரிக்காகத்தான். வாடகையைக் கூட்டிக் காட்டினால் வரி கூடுமே என்று எங்கள் தெருவில் எல்லாருமே இப்படித்தான் செய்கிறோம். நான் ஒருத்தி மட்டும் உண்மை பேசினால் பட்டயமா கொடுக்கப் போகிறார்கள்?

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் எங்களுக்கு ஆறு போர்ஷன். கீழே மூன்று, மேலே மூன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே தரை, ஒரே மாதிரி கதவு. என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் தூசி தின்று சம்பாதித்த காசில் என் பேரில் கட்டியது. கட்டியதோடு அவர் வேலை முடிந்தது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவுக்குக் கொடுப்பது, யாரைக் காலி செய்யச் சொல்வது என்பதெல்லாம் இந்த ஜானகியின் பொறுப்பு. அவர் மூக்கை நுழைத்ததே இல்லை.

என்னிடம் இன்னொரு பாடமும் உண்டு. அதை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வேன். "ஒனக்குங்கிறதால இந்த வாடகைக்குக் குடுக்கறேன். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்." ஆறு பேரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். ஆறு பேரும் தனக்குத்தான் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் ஆபீசில் கிளார்க்காக இருக்கும் தமிழரசன் எங்கள் பக்கத்துச் சொந்தம். அவனுக்கு நாலாயிரத்து எண்ணூறு. லெப்பைக்குடிகாட்டிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் கவுஸுக்கு ஏழாயிரம். லாவண்யாவுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. மற்ற மூன்று வீடும் இடைப்பட்ட வாடகை. மாசம் மொத்தம் முப்பத்தாறாயிரம் வரும்.

லாவண்யா தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சூட்கேஸோடும் மூன்று வயசுப் பெண்ணோடும் என் வாசலில் வந்து நின்றாள். புருஷன் எங்கே என்று கேட்டேன். "சேந்து இல்லக்கா" என்றாள். அன்றைக்கு மட்டும் ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தாள். ஏழு பேரும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, வீடு காலி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுத்தேன். கொடுத்ததில் எனக்குப் பெருமை. கவுஸுக்கும் அப்படித்தான். அவன் பேரைக் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் சாத்தவில்லை. வாடகை சொன்னபோது இரண்டு பேருமே மறுபேச்சுப் பேசவில்லை.

போன ஆவணியில் அரியலூரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. நாலு போர்ஷன், முப்பது லட்சம். மெடிக்கல் காலேஜ் வந்த பிறகு அங்கே வாடகைக்கு வீடு கேட்டு ஆட்கள் அலைகிறார்கள். ஆண்டிமடத்தில் அப்பா என் பேருக்கு எழுதி வைத்திருந்த முந்திரிக்கொல்லையை விற்று ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஐப்பசி முடிவதற்குள் மீதி இருபத்தைந்து லட்சத்தைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும். தவறினால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று அக்ரிமெண்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பிறந்த வீட்டிலிருந்து எனக்கென்று வந்த சொத்து அந்தக் கொல்லை ஒன்றுதான். வெட்டிப் போட்ட பிறகும் துளிர்க்கிற மரங்கள். விற்ற அன்றைக்கு அழுதேன், ஆனால் நாலு போர்ஷனை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பேங்க் மேனேஜர் தெளிவாகத்தான் சொன்னார். "சார் ரிட்டயர் ஆயிட்டாரு, சம்பளம் காட்ட முடியாது. இந்த ஆறு வீட்ட அடமானமா வச்சு, அதோட வாடகைய நம்பித்தான் கடன் குடுக்கணும். ஆனா நீங்க சொல்ற வாடகைய நாங்க எடுத்துக்க மாட்டோம்மா. இந்த ஏரியாவுல இப்படி ஒரு வீடு என்ன வாடகைக்குப் போகும்னு எங்க இன்ஜினியர் வந்து பாத்து எழுதுவாரு. அதுல முக்கா பங்கு எவ்வளவு தவணையத் தாங்குமோ, அவ்வளவுதான் கடன்."

நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். முப்பத்தாறாயிரத்தில் முக்கால் பங்கு இருபத்தேழாயிரம். இருபத்தைந்து லட்சத்துக்கு மாசத் தவணை இருபத்தேழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளந்து தைத்த ரவிக்கை மாதிரி சரியாக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொத்து வாங்குவதையும் பெண் பார்ப்பதையும் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் வாய் திறக்க மாட்டோம். கண் பட்டுவிடும். குடித்தனக்காரர்களிடம் மூச்சு விடவில்லை. இன்ஜினியர் திங்கட்கிழமைக்கு மேல் வருவார் என்று சொன்னதால், புரட்டாசி சனிக்கிழமை ஆயிற்றே என்று என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போனேன். பெருமாளே, இந்தக் கடன் கிடைத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் இடிபட்டு நின்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது தமிழரசன் கேட்டிலேயே நின்றிருந்தான். முகமெல்லாம் பல்.

"அத்தை, முனிசிபாலிட்டி ஆளு வந்துட்டுப் போனாரு. டேப்பு வச்சு அளந்தாரு, போட்டா புடிச்சாரு. வாடகைய கேட்டாரு. ஆறு வூட்லயும் அச்சடிச்ச மாதிரி ஒரே பதிலு!"

எனக்கு முதலில் உறைக்கவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்த கவுஸ் சேர்ந்துகொண்டான். "எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாருக்கா. நெசமாவான்னாரு. சத்தியம் மட்டும் பண்ணல, மத்தபடி அடிச்சுச் சொல்லிட்டேன், ஆயிரத்தைந்நூறுன்னு."

லாவண்யா வாசலில் நின்று சிரித்தாள். "நைட் டூட்டி முடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்தேங்க்கா. எழுப்பிக் கேட்டாரு. தூக்கத்துலகூட அதான் வந்துச்சு."

"முனிசிபாலிட்டின்னு அவரு வாயால சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அத சொல்லல. கையில ஃபைல் இருந்துச்சு. நீங்கதானே அத்தை, ஃபைல் இருந்தான்னு..." என்று இழுத்த தமிழரசன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். அமிர்தலிங்கம், இன்ஜினியர், சொத்து மதிப்பீட்டாளர் என்று இருந்தது. கீழே பேங்கின் பெயர்.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஆளுக்கு ஆள் பாடம் நடத்தி வைத்தேனே, ஒரு பிள்ளையாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா!

திங்கட்கிழமை பாலக்கரையில் மாடியில் இருந்த அமிர்தலிங்கத்தின் ஆபீசுக்குப் போனேன். ஐம்பது வயசிருக்கும். அமைதியான மனுஷன். நான் மூச்சு விடாமல் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"ஆறு குடித்தனம், ஆறும் ஆயிரத்தைந்நூறு. சரி, அவங்க பொய் சொன்னாங்கன்னே வச்சுக்குவோம். கடனுக்கு நீங்க வச்ச பேப்பர்ல வீட்டு வரி நகலும் இருக்கு. அதுல வாடகை ஆயிரத்தைந்நூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறது யாரு?"

நான்தான். என் கையெழுத்து என்னைப் பார்த்து இளித்தது.

"பக்கத்துல விசாரிச்சிருக்கலாமே சார்" என்றேன்.

"விசாரிச்சேம்மா. பதினோரு வூடு. ஆயிரத்துக்குக் கீழ ஒருத்தர் சொல்லல, ரெண்டாயிரத்துக்கு மேல ஒருத்தர் சொல்லல. என் வாழ்க்கையில இவ்வளவு ஒத்துமையான தெருவப் பாத்ததில்ல." அவர் சிரிக்கவில்லை. "என் வூட்டு வாடகையே ஆறாயிரம். எனக்குத் தெரியாதா? ஆனா தெரிஞ்சத எழுத முடியாது. காட்டினதத்தான் எழுதலாம். இந்தக் கணக்குப்படி ஒங்களுக்கு ஆறேகால் லட்சம் வரும்."

இருபத்தைந்து எங்கே, ஆறேகால் எங்கே! அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் வழியும் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் உண்மையான வாடகையை ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தமாக எழுதி, குடியிருக்கிறவர்கள் கையெழுத்துப் போட்டு, அவர் எதிரில் வாயாலும் சொன்னால் திருத்தி எழுதுவதாகச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் வருவதாகவும் சொன்னார். ஓடிப்போய் டைப் அடிக்கக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் ஆறு ஒப்பந்தமும் கைக்கு வந்தன. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தனித்தனியாகக் கையெழுத்து வாங்குவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அரியலூரிலிருந்து வீடு விற்கிறவர் போன் செய்தார். வேறொரு பார்ட்டி ரொக்கத்தோடு நிற்கிறதாம். அடித்துப் பிடித்து பஸ் ஏறினேன். ஏறும்போது என் வீட்டுக்காரரிடம், "மேசை மேல பேப்பர் இருக்கு, ஆறு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். தனித்தனியாக என்று சொல்ல மறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஆளுக்கு ஒரு வாடகை வாங்குவதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை.

விற்கிறவரிடம் கெஞ்சி, ஐப்பசி முடிகிற வரைக்கும் என்று மறுபடி வாக்கு வாங்கிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு வந்தேன். ஆறு வீட்டு ஆட்களும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒப்பந்தங்களை எல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பி, எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருந்தார். அவரவர் பேரைத் தேடி எடுக்கச் சொல்லியிருந்தார். தேடினால் மற்றவர்களுடையது கண்ணில் படாதா?

லாவண்யாவின் கையில் இரண்டு பேப்பர்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று தமிழரசனுடையது.

"நாலாயிரத்து எட்டுநூறாக்கா?" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. நம்ப முடியாத குரல்.

கையும் களவுமாகப் பிடிபட்டால் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. "நீ ஒத்துக்கிட்டுத்தானே வந்த? நான் என்ன கழுத்தப் புடிச்சா தள்ளுனேன்? புடிக்கலன்னா அன்னிக்கே போயிருக்கலாம்ல?"

"போறதுக்கு வேற வூடு இல்லையேக்கா" என்றாள்.

கவுஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்கம்மா ஒவ்வொரு நோம்புக்கும் ஒங்களுக்காக துவா கேக்கும். மத்தவங்க குடுக்காதப்ப வூடு குடுத்த புண்ணியவதின்னு சொல்லும்." ஒப்பந்தத்தை எடுத்தான், கையெழுத்தைப் போட்டான், மாடிக்குப் போய்விட்டான்.

லாவண்யாவும் கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு அவர் வந்தா உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். பயப்படாதீங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு என்னிடம் பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை, "ஆறும் ஒரே செங்கல்லுலதானடி கட்டினேன்" என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அமிர்தலிங்கம் வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து வாடகையைச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் இருந்த தொகையும் வாயில் வந்த தொகையும் ஒத்துப்போயின. லாவண்யா சொன்ன சொல் மாறாமல், "ஏழாயிரத்து ஐந்நூறு சார், நாலு வருசமா" என்றாள். கூட்டிப் பார்த்தால் முப்பத்தாறாயிரம். பெருமாள் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

அவர் பேனாவை மூடவில்லை. ஃபாரத்தில் ஒரு கட்டத்தின் மேல் பேனா நின்றது.

"மார்க்கெட் வாடகைங்கறது வூட்டுக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல. ஒரே அளவு, ஒரே தரை, ஒரே தண்ணித்தொட்டி. ஒண்ணு நாலாயிரத்து எட்டுநூறு, ஒண்ணு ஏழாயிரத்து ஐந்நூறு. வித்தியாசம் இருந்தா அதுக்குக் காரணம் எழுதணும். காரணம் இருந்தா கூடுதல ஏத்துக்குவாங்க. இல்லன்னா ஆறு வூட்டுக்கும் கொறஞ்சதத்தான் போடுவேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு வூட்டுக்கு ரெண்டாயிரத்து எழுநூறு ரூவா கூட. என்ன காரணம்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஆறு குடும்பமும் என்னைப் பார்த்தது.

"கெழக்குப் பாத்த வாசல்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "தமிழரசன் வூடும் கெழக்குதானே?"

"காத்தோட்டம்..."

லாவண்யாவின் வீடு கீழே கடைசி. ஜன்னலைத் திறந்தால் செப்டிக் டேங்க். ஆறில் மட்டமான வீடு அதுதான். அவள் வந்த அன்றைக்குக் காலியாக இருந்தது அது ஒன்றுதான். யாரும் கேட்காமல் எட்டு மாசமாகப் பூட்டிக் கிடந்த வீடு.

"எழுதணும்மா. காரணம்?" என்றார் மறுபடி. மனுஷனுக்கு என்னைக் குத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தைந்து லட்சமும் என் முந்திரிக்கொல்லையும் ஒரு வார்த்தையில் நின்றன. எனக்குக் காரணம் தெரியும். நான்கு வருஷமாகத் தெரியும். மாசாமாசம் ஒன்றாம் தேதி அந்தக் காரணத்தைக் கைநீட்டி வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குள்ளேயும்கூடச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

லாவண்யாதான் பேசினாள். "எழுதிக்குங்க சார். புருசன் கூட இல்லாத பொம்பள. அதுக்கு ரெண்டாயிரத்து எழுநூறு."

மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கவுஸ், "எனக்கு ரெண்டாயிரத்து எரநூறு சார். எம் பேருக்கு" என்றான்.

அமிர்தலிங்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீ ஆறிப்போயிருந்தது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லணும்மா. உரிமையாளர் சொல்றதத்தான் எழுத முடியும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் பேங்கில் மேனேஜர் ரிப்போர்ட்டைப் பிரித்துக் காட்டினார். ஆறு வீட்டுக்கும் மார்க்கெட் வாடகை நாலாயிரத்து எண்ணூறு. கடன் இருபது லட்சம். ஐந்து லட்சம் துண்டு விழுந்தது. இருக்கிற நகையை எல்லாம் வைத்தாலும் இரண்டு தேறாது. அரியலூர்க்காரர் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஐப்பசி முடிந்த மறுநாளே ரொக்கத்தோடு நின்ற பார்ட்டிக்குப் பத்திரம் முடித்துக் கொடுத்துவிட்டார். என் அட்வான்ஸ் போயிற்று. என் அப்பா கொடுத்த கொல்லை போயிற்று.

இதையெல்லாம்கூட ஒருநாள் ஆறிப்போகும் என்று நினைத்தேன். ஆறாதது வேறு. லாவண்யா வீட்டுக்கு நேராக அந்தக் கட்டத்தில் அமிர்தலிங்கம் எழுதியிருந்ததை மேனேஜர் தமிழில் படித்துச் சொன்னார். "கூடுதல் வாடகைக்குக் காரணம்: உரிமையாளர் கூறவில்லை."

ஒன்றாம் தேதி காலையில் லாவண்யா டூட்டிக்குப் போகிற உடுப்போடு வந்தாள். பணத்தை நீட்டினாள்.

"நாலாயிரத்து எட்டுநூறு இருக்குக்கா. எண்ணிப் பாத்துக்குங்க."

காலி செய் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை நஷ்டத்துக்குப் பிறகு இதுவேறா என்று ரத்தம் கொதித்தது. சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவள் வாசலிலேயே நின்றாள், அவசரப்படாமல், நான் சொல்வதற்காகக் காத்திருக்கிற மாதிரி.

நான் பணத்தை எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.